400 கிமீ பிரெவே: மேப் கருவி வாங்கவா, போனே போதுமா?

முதல்400:
அடுத்த மாதம் என் முதல் 400 கிமீ பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் சவாரி. நேர வரம்பு 27 மணி. 200, 300 இரண்டையும் முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கைப் பார்த்தே ஓட்டி முடித்துவிட்டேன். இந்த முறை உத்திரமேரூர், வந்தவாசி, சேத்துப்பட்டு வழியாகத் திருவண்ணாமலை போய்த் திரும்ப வேண்டும். ராத்திரியில் தனியாக மாட்டிக்கொள்வேன் என்று தோன்றுகிறது. கார்மின் எட்ஜ் 540 மாதிரி சைக்கிளில் மாட்டும் ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கலாமா, போனில் ஓஸ்மாண்ட் என்ற வரைபடச் செயலியைப் போட்டுச் சமாளிக்கலாமா? வீட்டில் சைக்கிளின் உண்மையான விலையே இன்னும் தெரியாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.

டைனமோ:
போன் போதும். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை. நெட் இருந்தால் முதல் தடவை இடத்தைச் சீக்கிரம் பிடிக்கும், அவ்வளவுதான். தமிழ்நாட்டு வரைபடத்தை வீட்டு வைஃபையில் இறக்கி வையுங்கள். ஓஸ்மாண்ட் ஓடுவது ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில், அதாவது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடத்தில். எட்ஜில் வரும் சைக்கிள் வரைபடத்துக்கும் மூலம் அதுதான். ஒரே சரக்குக்கு எதற்கு இவ்வளவு காசு?

மழைக்கோட்டு:
மழையில் போன் திரையில் வழி பார்த்திருக்கிறீர்களா டைனமோ? ஒரு சொட்டு விழுந்தால் அதை விரல் என்று நினைத்துக்கொண்டு வரைபடம் செங்கல்பட்டிலிருந்து வங்காள விரிகுடாவுக்குப் போய்விடும். 540-இல் பொத்தான்கள், கையுறையோடு அழுத்தலாம். வெயிலில் போன் சூடாகித் திரை மங்குவது தனிக் கதை. பைக் எஞ்சின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது.

டைனமோ:
அது மோட்டார் பைக்குக்குச் சொன்னது. நமக்கு ஏது எஞ்சின்? முட்டிதான் அதிரும். மழை விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020 ஜூலையில் கார்மின் சர்வர் பல நாள் படுத்துக் கிடந்ததே?

மழைக்கோட்டு:
படுத்தது சர்வர். கையிலிருந்த கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பின்சக்கரம்:
இரண்டு பேரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். போன வருடம் என்னைக் கவிழ்த்தது வேறு. சேத்துப்பட்டுக்கு முன்னால் டீக்கடை தேடிச் சாலையை விட்டுக் கொஞ்சம் விலகினேன். கருவி உடனே வழியை மறுபடி கணக்குப் போட்டது. ராத்திரி ஒரு மணிக்கு ஏரிக்கரை மேல் நிற்கிறேன். முந்தின நாள் மழை, களிமண் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரம் சுற்றவில்லை. சைக்கிளைத் தோளில் போட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன்.

கருவியில் வழியை ஏற்றும் ஜிபிஎக்ஸ் கோப்பில் ட்ராக், ரூட் என்று இரண்டு உண்டு. ட்ராக் என்றால் நெருக்கமாகப் புள்ளி வைத்து இழுத்த கோடு. ரூட் என்றால் அங்கொன்று இங்கொன்றாகச் சில புள்ளிகள். நடுவில் எப்படிப் போவது என்பதைக் கருவியே தன் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யும். அந்தக் கரை மண்ணா தாரா என்று யாரும் குறித்து வைக்கவில்லை, அது குறுக்குவழி என்று என்னை இழுத்துவிட்டது. போனோ எட்ஜோ, ட்ராக்காகப் போடுங்கள். மறுகணக்கை அணைத்துவிடுங்கள்.

டைனமோ:
அணைத்துவிட்டால், பாலம் வேலை என்று சாலையை அடைத்திருந்தால் என்ன செய்வது?

பின்சக்கரம்:
டீக்கடையில் கேட்பது.

டைனமோ:
ராத்திரி ஒரு மணிக்கு நீங்கள் தேடிப் போன அந்த டீக்கடையிலா?

மழைக்கோட்டு:
:) அப்போது போனை வெளியே எடுக்கலாம். அதுவரை பையில் காயாமல் நனையாமல் இருக்கட்டும். 540-க்கு 26 மணி நேர பேட்டரி என்கிறார்கள். 27 மணி சவாரிக்குப் பவர் பேங்க் எப்படியும் வேண்டும்.

முதல்400:
நண்பரிடம் பழைய எட்ஜ் ஒன்று இரவல் கிடைக்கிறது. ட்ராக்காக ஏற்றி, மறுகணக்கை அணைத்து, ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் வரை ஓட்டிப் பார்க்கிறேன். பின்சக்கரம் அண்ணே, அந்த ஏரிக்கரை சரியாக எங்கே?

பின்சக்கரம்:
கவலைப்படாதே தம்பி, திரும்பி வந்த அன்றைக்கே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் மண்பாதை என்று குறித்துவிட்டேன்.

டைனமோ:
அப்படியானால் என் போன் அந்தப் பக்கம் போகாது.

பின்சக்கரம்:
வரைபடத்தைக் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்?