வெளிநாட்டுக் கடையில் கேம் வாங்கினால் கடைசிப் பக்கத்தில் 18% சேர்கிறது, பில்லில் மாநிலம் கேரளா என்று இருக்கிறது. இது சரியா?

கூடலூர்_மழை:

வணக்கம். தம்பி பிளஸ் டூ முடித்ததற்கு ஒரு கம்ப்யூட்டர் கேம் வாங்கிக் கொடுத்தேன். சின்னச் சின்னக் குழுக்கள் செய்கிற கேம்களை மட்டும் விற்கிற ஒரு வெளிநாட்டுக் கடை, விலை 30 டாலர். கார்டு விவரமெல்லாம் கொடுத்துக் கடைசிப் பக்கம் வந்ததும் 5.40 டாலர் வரி என்று தனியாகச் சேர்ந்து மொத்தம் 35.40 ஆகிவிட்டது. அவன் வழக்கமாக வாங்குகிற பெரிய கடையில் ரூபாயில் ஒரு விலை போட்டிருப்பார்கள், அந்தத் தொகைதான் போகும், கடைசியில் இப்படி எதுவும் ஏறியதில்லை. சரி, பரிசு என்று சொல்லிவிட்டோமே என்று கட்டிவிட்டேன். அப்புறம் வங்கிக் கணக்கைப் பார்த்தால் அதற்கும் மேலே போயிருக்கிறது. டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 3,186 வர வேண்டும், எடுத்திருப்பது 3,318.

இன்னொன்று, பில்லில் என் மாநிலம் கேரளா என்று இருக்கிறது. எங்கள் வீடு நாடுகாணிப் பக்கம், போனில் பாதி நேரம் கேரள டவர்தான் எடுக்கும், அதனால் அப்படி வந்திருக்குமோ என்று நினைக்கிறேன். ஆனால் வரி விஷயத்தில் மாநிலம் மாறினால் ஏதாவது சிக்கல் வருமா?

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வெளிநாட்டில் வாங்கினால் வரியை நாம்தான் தனியாகக் கட்ட வேண்டும், பின்னால் நோட்டீஸ் வரும் என்று சித்தப்பா பயமுறுத்துகிறார். பஜாரில் போன் கடை வைத்திருக்கிற அண்ணன், கேமுக்கெல்லாம் இப்போது 40 சதவீதம், 18 போட்டிருந்தால் அந்தப் பில்லே தப்பு என்கிறார். இந்தியாவில் ஓர் அலுவலகம்கூட இல்லாத கடை என்னிடம் வாங்கிய 5.40 டாலரை நம் அரசுக்கு எப்படிக் கட்டும், உண்மையிலேயே கட்டுகிறதா, அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அருவங்காடு_பசங்க:

அக்கா, அந்த 40 சதவீதம் பணம் கட்டி ஆடுகிற ஆட்டங்களுக்குப் போட்டது. ரம்மி, பந்தயம் அந்த வகை. 2023 அக்டோபர் 1-லிருந்து அதற்கு 28 சதவீதம் இருந்தது, அதுவும் ஆடுகிறவர் போடுகிற முழுத் தொகைக்கும். 2025 செப்டம்பர் 22-இல் வரி அடுக்குகளை மாற்றியபோது அது 40 ஆனது. அதற்கு முந்தின மாதமே பண விளையாட்டையே தடை செய்கிற சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. நீங்கள் வாங்கியது ஒரு தடவை காசு கொடுத்து வாங்கி வீட்டில் உட்கார்ந்து ஆடுகிற கேம், அதற்கு 18 தான். செய்தியில் இரண்டையும் 'ஆன்லைன் கேம்' என்றே சொல்வதால் பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது.

ரூபாயில் ஒரே விலை போடுகிற கடையிலும் வரி உண்டு, விலைக்குள்ளேயே இருக்கிறது, அவ்வளவுதான். 1,180 ரூபாய் கேம் என்றால் 1,000 கேமுக்கு, 180 வரிக்கு. பழைய பில்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

தனியாகப் போடுவது அமெரிக்கப் பழக்கம். அங்கே விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஊருக்கு ஊர்கூட மாறும், ஒரேகான் மாநிலத்தில் விற்பனை வரியே கிடையாது, டெக்சாஸில் டவுன்லோடு செய்கிற கேமுக்கும் உண்டு, கலிஃபோர்னியாவில் டவுன்லோடுக்குக் கிடையாது. அதனால் வாங்குகிறவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் வரியைக் கணக்குப் போட முடியும். அதே முறையை நமக்கும் வைத்திருக்கிறார்கள். பார்க்க ஏமாற்றுகிற மாதிரி இருக்கும், ஆனால் ஏமாற்று இல்லை.


ஊட்டி_வரிக்கணக்கு:

வரி வேலைதான் எனக்குத் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இணையம் வழியாக வெளிநாட்டிலிருந்து வருகிற கேம், மின்நூல், பாட்டு, சாஃப்ட்வேர் இதையெல்லாம் நம் சட்டம் பொருளாகப் பார்ப்பதில்லை, சேவையாகப் பார்க்கிறது. எங்கள் வட்டாரத்தில் ஓஐடிஏஆர் சேவை என்போம். ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலமோ வெளிநாட்டிலிருந்தோ வருகிறவற்றுக்கான ஜிஎஸ்டி) சட்டத்தில் அதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே ஆன்லைன் கேமிங் என்ற பெயர் இருக்கிறது. இது புதிய வரியும் இல்லை. சேவை வரி இருந்த காலத்திலேயே, 2016 டிசம்பர் 1 முதல் வெளிநாட்டு விற்பனையாளர்கள் இங்கே சாதாரண மக்களுக்கு விற்றால் வரி கட்ட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள், 2017 ஜூலை 1-இல் அது ஜிஎஸ்டிக்குள் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இதை 2003-லேயே செய்தது, ஆஸ்திரேலியா நம்மோடு சேர்ந்து 2017 ஜூலையில் செய்தது. வாங்குகிறவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டுக்கு வரி, இதுதான் எல்லா இடத்திலும் அடிப்படை.

சித்தப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் வாங்கினால் அந்த வரியைக் கட்ட வேண்டிய பொறுப்பு முழுக்க விற்றவருடையது. ஐஜிஎஸ்டி சட்டத்தின் 14-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. நீங்கள் எந்தப் படிவமும் போட வேண்டாம், திரும்பக் கட்டவும் வேண்டாம். கேமைச் செய்த குழு எந்த நாட்டில் இருந்தாலும் சரி, நடுவில் ஒரு கடை நின்று பணம் வாங்கி விற்றால் பொதுவாக அந்தக் கடைதான் பொறுப்பு. உள்ளூர்க்காரருக்கு ஆண்டு விற்பனை 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு என்று ஒரு சலுகை இருக்கிறதே, வெளிநாட்டுக் கடைக்கு அது கிடையாது. ஒரு கேம் விற்றாலும் பதிவு செய்ய வேண்டும். இங்கே அலுவலகம் தேவையில்லை, பதிவு, கணக்கு, பணம் எல்லாம் ஆன்லைனில்தான். மாதா மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-5ஏ என்ற படிவம் போட வேண்டும்.

கட்டுகிறார்களா என்று கேட்டீர்கள். பில்லை இறக்கி அதில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாட்டுக் கடையின் எண் 33-இல் தொடங்கும், இந்த வகை வெளிநாட்டுக் கடைக்கு 99-இல் தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கம் பதிவு செய்த ஆண்டு, அதற்கடுத்த மூன்று எழுத்து நாடு. அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுத் தேடினால் யார் பெயரில் இருக்கிறது, இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும், லாகின்கூடத் தேவையில்லை. பில்லில் கடையின் பெயருக்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் பெயர் இருக்கலாம், சின்னக் கடைகளுக்காக விற்பனையையும் வரியையும் சேர்த்துக் கவனிக்கிற நிறுவனங்கள் உண்டு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். எண்ணே இல்லாமல் 18 சதவீதம் மட்டும் வாங்கியிருந்தால் கடைக்கு எழுதிக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இப்போது கேரளா விஷயம். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நீங்கள் கட்டுகிற தொகை மாறாது, எந்த மாநிலம் போட்டாலும் 18 தான். ஆனால் ஐஜிஎஸ்டியாக வருகிற பணத்தில் ஒரு பாதி மத்திய அரசுக்கு, மறுபாதி அந்தச் சேவை போய்ச் சேர்ந்த மாநிலத்துக்கு. கடை தன் கணக்கில் மாநிலவாரியாகத்தான் காட்டுகிறது. உங்கள் பில்லில் கேரளா என்று இருந்தால் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பங்கு அங்கே போகிறது. ஒரு கேமில் 243 ரூபாய்தான், ஆனால் கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, எருமாடு என்று எல்லையோரம் முழுக்க இப்படித்தானே டவர் எடுக்கிறது. கேம் மட்டுமா, படம் பார்க்கிற சந்தா, சாஃப்ட்வேர் சந்தா எல்லாவற்றுக்கும் இதே கதை. பதிவு இல்லாதவருக்கு ஆன்லைன் சேவை விற்கும்போது, தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், வாங்குகிறவரின் மாநிலத்தைப் பில்லில் எழுத வேண்டும் என்று மத்திய வரி வாரியம் 2024 டிசம்பர் 31-இல் ஒரு சுற்றறிக்கையிலும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் கடையில் உங்கள் கணக்குக்குள் போய் முகவரியில் தமிழ்நாடு என்று நீங்களே போட்டு வையுங்கள். டவரைப் பார்த்து அது ஊகிக்கும்படி விடாதீர்கள்.


கேத்தி_கேரட்:

எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. நாற்பது ஐம்பது ஜிபி கேமை இறக்க இந்த மலையில் நாங்கள் படுகிற பாடு யாருக்கும் தெரியாது, காற்றடித்து ஒரு மரம் விழுந்தால் கரண்டும் போகும் நெட்டும் போகும், இதற்கு என்ன சேவை வரி? வரி போடாத சின்னக் கடைகள் இன்னும் நிறைய இருக்கின்றன, நான் அங்கேதான் வாங்குகிறேன். முடிந்தவர்கள் அதையே செய்யுங்கள்.


பூம்பாறை_பூண்டு:

கேத்தி நண்பரே, நெட் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம், கொடைக்கானல் பக்கமும் மழைக்காலத்தில் அதே நிலைமைதான். ஆனால் வரி போடாத கடையைத் தேடிப் போங்கள் என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நானும் இரண்டு நண்பர்களும் இங்கிருந்து சின்ன கேம்கள் செய்து விற்கிறோம், ஜிஎஸ்டி பதிவும் இருக்கிறது. நாங்கள் 500 ரூபாய்க்கு ஒரு கேமை நேரடியாக உங்களுக்கு விற்றால் அதன் மேல் 90 ரூபாய் வரி வாங்கிக் கட்டியாக வேண்டும். வெளிநாட்டுக் கடை அதே 500-க்கு வரி இல்லாமல் விற்றால் வாங்குகிறவர் எங்கே போவார்? வரி வேண்டாம், குறைக்க வேண்டும் என்றால் எல்லோருக்கும் சேர்த்துக் குறைக்கச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். ஒருவருக்குப் போட்டு இன்னொருவரை விட்டுவிட்டால் முதலில் அடிபடுவது எங்களைப் போல உள்ளூரில் செய்கிறவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஹோம்ஸ்டே, டீக்கடை, மசாலாக் கடை நடத்துகிற பலரிடம் ஜிஎஸ்டி எண் இருக்கிறது. சில வெளிநாட்டுக் கடைகளில் அந்த எண்ணைப் போட்டால் 18 சதவீதம் மறைந்துவிடும். அது தள்ளுபடி இல்லை. எண்ணைக் கொடுத்தவுடன் கட்டுகிற பொறுப்பு கடையிலிருந்து உங்கள் தலைக்கு மாறுகிறது, ரிவர்ஸ் சார்ஜ் என்று உங்கள் மாதக் கணக்கில் காட்டி நீங்களே ரொக்கமாகக் கட்ட வேண்டும். நாங்கள் கேம் செய்ய வாங்குகிற மென்பொருளுக்கு அப்படித்தான் கட்டுகிறோம், தொழிலுக்காக வாங்கியது என்பதால் அதை இன்புட் கிரெடிட்டாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிறது. பிள்ளை ஆடுகிற கேமுக்கு அந்த கிரெடிட் கிடையாது. கட்டாமல் விட்டால் சித்தப்பா சொன்ன நோட்டீஸ் அப்போதுதான் வரும், வட்டியோடு. சொந்த உபயோகத்துக்கு வாங்கும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.


அருவங்காடு_பசங்க:

அக்கா, மிச்ச 132 ரூபாய் எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை. அது வங்கி எடுத்தது. டாலரில் கட்டினால் நிறைய கார்டுகள் மாற்றுக் கட்டணம் என்று 2-லிருந்து 3.5 சதவீதம் வரை எடுக்கும், அந்தக் கட்டணத்துக்கு மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. 3,186-க்கு 3.5 சதவீதம் போட்டால் 111.50, அதற்கு வரி 20 ரூபாய், உங்கள் கணக்கு சரியாக வருகிறது பாருங்கள். வரியைத் தவிர்க்க முடியாது, இதைத் தவிர்க்கலாம். மாற்றுக் கட்டணம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கிற கார்டுகள் இருக்கின்றன. அதே கேம் ரூபாயில் யுபிஐ வாங்குகிற கடையில் இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். டாலர் கடை 'ரூபாயில் காட்டட்டுமா' என்று கட்டும்போது கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்பதே லாபம், அவர்கள் போடுகிற மாற்று விலை அதிகமாக இருக்கும், விற்கிறவர் வெளிநாடு என்பதால் ரூபாயில் கட்டினாலும் கட்டணம் எடுக்கிற வங்கிகளும் உண்டு.


கூடலூர்_மழை:

எல்லோருக்கும் நன்றி. பில்லை இறக்கிப் பார்த்தேன், ஊட்டி சார் சொன்ன மாதிரியே எண் 99-இல் தொடங்குகிறது, தளத்தில் போட்டதும் பெயர் வந்துவிட்டது. முகவரியையும் தமிழ்நாடு என்று மாற்றிவிட்டேன். சித்தப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன், 14-வது பிரிவு என்றதும் பேசாமல் கேட்டுக்கொண்டார். சார், இன்னும் இரண்டு சந்தேகம். கேமைத் திருப்பிக் கொடுத்தால் வரியும் திரும்பி வருமா? அப்புறம் தம்பி கிஃப்ட் கார்டு வாங்கிக்கொள்கிறேன், அதற்கு வரி இல்லை என்கிறான், அவன் நண்பர்கள் இருக்கிற நாட்டை மறைத்துக் காட்டும் விபிஎன் போட்டு விலை குறைவான வேறு நாட்டுக் கடையில் வாங்குகிறார்களாம், அது சரியா?


ஊட்டி_வரிக்கணக்கு:

கடை முழுப் பணத்தையும் திருப்பினால் வரியும் சேர்ந்து 35.40 வர வேண்டும். ஆனால் வங்கியின் மாற்றுக் கட்டணம் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள், அன்றைய டாலர் விலையைப் பொறுத்து கொஞ்சம் கூடவோ குறையவோதான் வரும். கடைக்குக் கடை காலக்கெடுவும் மாறும். ஸ்டீம் என்ற பெரிய கேம் கடையில் என்றால் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். டவுன்லோடு முடியவே நாள் கணக்கில் ஆகிற ஊரில் அந்த 14 நாள் வேகமாகப் போய்விடும், அதனால் இறக்கிய அன்றே கணினியில் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கிஃப்ட் கார்டு வாங்கும்போது ஜிஎஸ்டி இல்லை என்பது சரி, அது பணம் மாதிரிதான். அதை வைத்து கேம் வாங்கும்போது கேமின் விலைக்கு வரி வந்துவிடும், ஆக மிச்சம் ஒன்றும் இல்லை.

விபிஎன் வேண்டாம். வாங்குகிறவர் இந்தியாவில் இருக்கிறாரா என்று தீர்மானிக்க முகவரி, கார்டு கொடுத்த வங்கி, பில் முகவரி, ஐபி (இணைய இணைப்பின் எண்), சிம்மின் நாட்டு எண் என்று சட்டத்தில் ஏழு அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கொன்று முரண்படாத இரண்டு இந்தியாவைக் காட்டினாலே போதும், ஐபியை மட்டும் மறைத்துப் பயனில்லை. நாட்டை மாற்றிக் காட்டி வாங்கினால் கணக்கை முடக்கலாம் என்று கடைகளின் விதிமுறையிலேயே இருக்கும், முடங்கினால் தம்பி இதுவரை சேர்த்த கேம் எல்லாம் சேர்ந்து போகும். அவன் கணக்கிலும் முகவரியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அதிலும் கேரளா என்று இருக்கலாம்.