டெக்சஸ்லேர்ந்து ஆன்லைன் விற்பனை: சேல்ஸ் டாக்ஸ் எந்தெந்த மாநிலத்துல கட்டணும்?

பிளேனோ_குர்தி (கேள்வி)

வணக்கம். வீடு பிளேனோ. குர்தி, குழந்தைங்க பாவாடை சட்டை, ஜிமிக்கி, வளையல் எல்லாம் எட்சியிலயும் (பலரும் விக்கிற ஆன்லைன் சந்தை) ஷாப்பிஃபைல கட்டின சொந்த ஆன்லைன் கடையிலயும் போகுது. பார்சல் முழுக்க வீட்லேர்ந்துதான். எல்.எல்.சி (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) பதிவு இருக்கு. டெக்சஸ் சேல்ஸ் டாக்ஸ் பெர்மிட் வாங்கியாச்சு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிட்டர்ன் போடச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. போன வருஷ மொத்த விற்பனை சுமார் 38,000 டாலர், பாதிக்கு மேல எட்சி. 17 மாநிலத்துக்குப் பார்சல் போயிருக்கு.

1. இந்த 17 மாநிலத்துலயும் பெர்மிட் எடுக்கணுமா?
2. எட்சியே வரியைப் பிடிச்சுக் கட்டிடுது. அந்த விற்பனையை டெக்சஸ் ரிட்டர்ன்ல காட்டணுமா?
3. ஜனவரி–மார்ச்ல சொந்தக் கடையில டெக்சஸ் ஆர்டர் ஒண்ணுகூட இல்ல. அதனால ரிட்டர்னே போடல. தப்பா?
4. நியூ ஜெர்சி கிடங்கு ஒண்ணுல கொஞ்சம் சரக்கு வெச்சு அங்கேர்ந்தே அனுப்பலாம்னு யோசனை. வரி விஷயத்துல ஏதாவது மாறுமா?

கணக்குப்பிள்ளை

மூணாவதுதான் அவசரம், அதிலேயே ஆரம்பிக்கிறேன்.

பெர்மிட் கையில் இருக்கும் வரை, விற்பனை பூஜ்யமானாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும். ஏப்ரல் 20, ஜூலை 20, அக்டோபர் 20, ஜனவரி 20 கடைசி நாள். சனி, ஞாயிறு, விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள். தாமதமான ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் 50 டாலர் அபராதம், கட்டவேண்டிய வரி ஒரு காசு இல்லாவிட்டாலும். போடாமலே விட்டால் கம்ப்ட்ரோலர் அலுவலகம் (டெக்சஸில் வரி வசூலிக்கும் அலுவலகம்) தானே ஒரு தொகையை மதிப்பிட்டு பில் அனுப்பும். அது வருவதற்குள் இன்றைக்கே அவர்களுடைய ஆன்லைன் தளமான வெப்ஃபைலில் போட்டுவிடுங்கள். முதல் தடவை என்றால் 89-224 படிவத்தில் அபராதத் தள்ளுபடி கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு, ஆமாம், காட்டணும். எட்சி போன்ற சந்தைத்தளம் வரி வசூலித்தாலும், டெக்சஸிலேயே இருக்கும் விற்பனையாளருக்குப் பெர்மிட்டும் ரிட்டர்னும் விலகாது. ரிட்டர்ன் படிவத்தில் முதல் கட்டம் 'டோட்டல் டெக்சஸ் சேல்ஸ்', அதாவது மொத்த டெக்சஸ் விற்பனை. அதில் எட்சி வழியாகப் போன டெக்சஸ் விற்பனையும் சேரும். இரண்டாவது கட்டம் 'டாக்ஸபிள் சேல்ஸ்', அதாவது நீங்கள் வரி கட்டவேண்டிய விற்பனை. அதில் எட்சி தொகை வரக்கூடாது. வந்தால் ஏற்கெனவே கட்டிய வரியை உங்கள் கைக்காசிலிருந்து இன்னொரு தடவை கட்டுவீர்கள். புதுசாகப் போடுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு காலாண்டில் டெக்சஸ் வாடிக்கையாளருக்கு எட்சியில் 3,100 டாலர், சொந்தக் கடையில் 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் 5,100, இரண்டாவதில் 2,000. பிளேனோவில் மாநிலம் 6.25, உள்ளூர் 2, ஆக 8.25 சதவீதம். வரி 165 டாலர். நாளுக்குள் கட்டினால் அரை சதவீதம், அதாவது 83 சென்ட் கழிவு, 164.17 கட்டினால் போதும். ஒரு நாள் தாமதித்தால் கழிவு போய்விடும், 5 சதவீத அபராதம் 8.25, மேலே அந்த 50. மொத்தம் 223.25. முப்பது நாளைத் தாண்டினால் 5 என்பது 10 சதவீதமாகும், 61ஆம் நாளிலிருந்து வட்டியும் ஓடும்.

8.25 என்பதே டெக்சஸில் உச்சம். வீட்டிலிருந்து அனுப்பும் வரை, வாங்குபவர் ஹூஸ்டனா ஆஸ்டினா என்று பார்த்து மேலே எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் ஷிப்பிங் கட்டணத்துக்கும் வரி உண்டு. குர்தி 60, ஷிப்பிங் 6 என்றால் 66க்குப் போடணும்.

மூன்றாவது கட்டத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வரி இல்லாமல் வாங்கி நீங்களே பயன்படுத்திய பொருள் அங்கே வரும். 01-339 மறுவிற்பனைச் சான்றிதழ் (திரும்ப விற்கத்தான் வாங்குகிறேன் என்று வரியில்லாமல் வாங்க உதவும் படிவம்) கொடுத்து மொத்தக் கடையில் எடுத்த குர்தியைத் தங்கைக்குக் கொடுத்தீர்களா? வாங்கிய விலையை அதில் எழுதுங்கள். வெளி மாநிலக் கடை வரி போடாமல் அனுப்பிய லேபிள் பிரிண்டரும் இதில்தான் சேரும்.

எல்.எல்.சி என்பதால் இன்னொன்று. ஃபிரான்சைஸ் டாக்ஸ் (நிறுவனங்கள் மீதான டெக்சஸ் வரி) வரம்பு உங்களுக்கு எட்டாத உயரம், ஆனாலும் மே 15க்குள் 'பப்ளிக் இன்ஃபர்மேஷன் ரிப்போர்ட்' (நிறுவன விவர அறிக்கை) போகணும். அதற்கும் சேல்ஸ் டாக்ஸுக்கும் சம்பந்தமில்லை. ஒன்றைப் போட்டதால் மற்றது முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள்.

எடிசன்காரன்

முதல் கேள்விக்கும் நாலாவதுக்கும் நான் சொல்றேன், ரெண்டும் ஒரே நூல்தான். வெளி மாநிலம் உங்க மேல கை வைக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அங்க உங்க ஆளோ சரக்கோ இருக்கணும். இன்னொண்ணு, அந்த மாநிலத்துக்குள்ள விற்பனை வரம்பைத் தாண்டணும். இந்த ரெண்டாவது வழி 2018 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்தோட வேஃபேர் வழக்குத் தீர்ப்போட வந்தது. அப்ப சவுத் டகோட்டா வெச்சிருந்த வரம்பு 1,00,000 டாலர் அல்லது 200 ஆர்டர். மத்த மாநிலங்கள் நிறைய அதையே காப்பி அடிச்சுது. ஆனா சவுத் டகோட்டாவே 2023 ஜூலையில 200 கணக்கைத் தூக்கிடுச்சு, வேற சில மாநிலமும் தூக்கிட்டு வருது. டெக்சஸ், கலிஃபோர்னியாவுல வரம்பு 5,00,000. நியூயார்க்ல 5,00,000 டாலரும் 100 ஆர்டரும் ரெண்டுமே தாண்டணும்.

38,000 டாலரை 17 மாநிலத்துக்குப் பிரிச்சா பணக் கணக்குல நீங்க எங்கயும் கிட்டகூட வரமாட்டீங்க. ஆர்டர் எண்ணிக்கையில மட்டும் கண் வையுங்க. 8 டாலர் ஜிமிக்கி 200 பேருக்குப் போனா வெறும் 1,600 டாலர்தான், ஆனா 200 கணக்கு வெச்சிருக்கிற மாநிலத்துல அது வரம்பு. சந்தைத்தள ஆர்டர் இந்தக் கணக்குல சேருமா சேராதாங்கிறது மாநிலத்துக்கு மாநிலம் வேற. நியூயார்க் சேர்க்கும், ஃபுளோரிடா சேர்க்காது. டெலிவரி மாநிலம் வாரியா ஒரு ஷீட் வெச்சு, எட்சி ஒரு பத்தி, சொந்தக் கடை ஒரு பத்தின்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை நிரப்புங்க.

இப்ப கிடங்கு. நியூ ஜெர்சியில ஒரு பெட்டி சரக்கு வெச்சாலும் முதல் வழி திறந்துடும். வரம்புக் கணக்கு எதுவும் அப்புறம் உதவாது. பதிவு பண்ணணும், காலாண்டுக்கு ஒரு தடவை எஸ்.டி-50 (நியூ ஜெர்சி சேல்ஸ் டாக்ஸ் ரிட்டர்ன்) போடணும், பூஜ்யமானாலும் போடணும். வேடிக்கை என்னன்னா, நியூ ஜெர்சியில துணிமணிக்கு வரியே கிடையாது. குர்திக்கும் பாவாடை சட்டைக்கும் பூஜ்யம், ஜிமிக்கிக்கும் வளையலுக்கும் 6.625 சதவீதம். வசூல் ஆகுற சில்லறையைவிட ரிட்டர்ன் போடுற நேரம்தான் அதிகமா இருக்கும்.

இது சேல்ஸ் டாக்ஸோட நிக்காது. வெளி மாநிலத்துல ஆர்டர் மட்டும் பிடிக்கிற வியாபாரிக்கு வருமான வரியிலேர்ந்து பாதுகாப்புக் கொடுக்கிற 1959ஆம் வருஷத்துக் கூட்டாட்சிச் சட்டம் ஒண்ணு இருக்கு. அங்கேயே சரக்கு வெச்சா அந்தப் பாதுகாப்பு போயிடும். ரெண்டு நாள் சீக்கிரம் டெலிவரிக்காக ரெண்டு மாநிலத்துக் கணக்கு தேவையா? உங்க அளவுக்கு வேண்டாம்னுதான் சொல்வேன்.

தமிழ்ச் சங்க விழாவுல ஸ்டால் போடுறதும் இதே கதைதான். வெளி மாநிலத்துல ரெண்டு நாள் மேசை போட்டு வித்தாலும் அந்த மாநிலப் பெர்மிட் வேணும். கலிஃபோர்னியாவுல அதுக்குன்னே தற்காலிகப் பெர்மிட் இருக்கு. நியூயார்க்ல விக்க ஆரம்பிக்கிறதுக்குக் குறைஞ்சது 20 நாள் முன்னாடி விண்ணப்பிக்கணும், விழாவுக்கு முந்தின வாரம் ஞாபகம் வந்து பிரயோஜனமில்ல.

பிளேனோ_குர்தி

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். முதல் காலாண்டு ரிட்டர்ன் இப்பவே போட்டுட்டேன். கிடங்கு யோசனைக்கும் முழுக்குப் போட்டாச்சு. ஆனா ஒரு சிக்கல். பாதுகாப்புக்குன்னு ஷாப்பிஃபைல பென்சில்வேனியாவுக்கும் வரி வசூல் ஆன் பண்ணி வெச்சிருந்தேன். இப்பப் பார்த்தா அங்க 64 டாலர் வசூலாகியிருக்கு, பெர்மிட் கிடையாது. அந்த மாநிலத்துக்கே செக் அனுப்பிடலாமா?

கணக்குப்பிள்ளை

முதலில் அந்தப் பொத்தானை அணையுங்கள். ஷாப்பிஃபை வரியைக் கணக்கிட்டு வாங்கித் தரும். அந்த மாநிலத்தில் உங்களுக்குப் பெர்மிட் இருக்கிறதா என்று சரிபார்க்காது. பெர்மிட் இல்லாமல் வசூலிப்பதே சட்டப்படி தப்பு. வரி என்று சொல்லி வாங்கிய காசை வருமானமாக வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய தப்பு.

64 டாலரையும் ஆர்டர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பென்சில்வேனியாவிலும் சாதாரண உடைக்கு வரி இல்லை. 90 டாலர் குர்திக்கு 6 சதவீதம், அதாவது 5.40 பிடித்திருந்தால், அது யாருக்கும் சேரவேண்டிய வரியே அல்ல. பெரும்பாலும் ஷாப்பிஃபையில் பொருளின் வகையை நிரப்பாமல் விட்டிருப்பீர்கள்; அப்போது குர்தியும் மரச்சாமானும் அதற்கு ஒன்றுதான். வரம்பும் தாண்டவில்லை, சரக்கும் அங்கே இல்லை என்பதால், நகைக்குப் பிடித்ததையும் சேர்த்து வாங்கியவர்களுக்கே திருப்பி அனுப்புவதுதான் நேர்வழி. 'வரி தவறுதலாக வசூலானது' என்று ஒரு குறிப்பு எழுதி, ரீஃபண்ட் ரசீதை எடுத்து வையுங்கள். பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத ஆள் யாராவது இருந்தால், அந்தத் தொகையை எப்படிச் செலுத்துவது என்று மாநில வருவாய்த் துறையிடம் கேளுங்கள். கணக்கு எண் இல்லாமல் சும்மா செக் அனுப்பாதீர்கள்.

எடிசன்காரன்

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: உண்மையிலேயே வரம்பு தாண்டியும் வருஷக்கணக்கா பதிவு பண்ணாம இருந்தா, நேராப் போய்ப் பெர்மிட் விண்ணப்பம் போட்டுடாதீங்க. 'வாலன்டரி டிஸ்க்ளோஷர்'னு ஒரு ஒப்பந்தம் இருக்கு. மாநிலம் உங்களைத் தொடர்புகொள்ளுறதுக்கு முன்னாடி நீங்களாப் போகணும். பொதுவா அபராதம் தள்ளுபடி ஆகும், பின்னோக்கிப் பார்க்கிற காலமும் சில வருஷத்தோட நிக்கும். டெக்சஸ்ல நாலு வருஷம். முதல்ல பதிவு பண்ணிட்டா அந்தக் கதவு மூடிடலாம்.

நியூயார்க் ஆர்டருக்கு ஒரு குறிப்பு. அங்க 110 டாலருக்குக் கீழ உள்ள துணிக்கு மாநில வரி இல்ல, அந்த 110 பில்லுக்கு இல்ல, உருப்படிக்கு. 80 டாலர் குர்தி ரெண்டு எடுத்து 160 ஆனாலும் மாநில வரி கிடையாது.

தறி_ஆஸ்டின்

டெக்சஸ்ல ஆகஸ்ட் வரிவிலக்கு நாட்கள்ல இதுக்கு நேர் எதிரா ஒரு பொறி இருக்கு. 100 டாலருக்குக் கீழ உள்ள உடைக்கு வரி இல்ல, ஆனா ஷிப்பிங்கும் விலையில சேரும். 95 டாலர் குர்தி, ஷிப்பிங் 10 போட்டா 105 ஆகி முழுத்தொகைக்கும் வரி வந்துடும். அந்த மூணு நாளைக்கு மட்டும் ஷிப்பிங்கை இலவசமா வையுங்க. ஜிமிக்கிக்கு அப்பவும் வரி உண்டு.

இன்னொண்ணு, எச்-4 விசாவுல (எச்-1பி வேலை விசாக்காரரோட குடும்பத்துக்குக் கொடுக்கிறது) இருக்கிறவங்க கவனிங்க. சேல்ஸ் டாக்ஸ் பெர்மிட் வரி வசூலிக்கிற உரிமம் மட்டும்தான். கடை நடத்த வேலை அனுமதி வேணுமாங்கிறது தனிக் கேள்வி, அதை இமிகிரேஷன் வக்கீல்கிட்ட கேளுங்க. பெர்மிட் கிடைச்சதை அதுக்குப் பதிலா எடுத்துக்காதீங்க.

பிளேனோ_குர்தி

பென்சில்வேனியா பொத்தானை அணைச்சாச்சு. 14 ஆர்டர், அதுல 11 குர்தி. வகை நிரப்பாம விட்டதுதான் காரணம், சரியாச் சொன்னீங்க. ரீஃபண்ட் இன்னைக்கு ராத்திரி போகுது.