தொலைத்தொடர்பும் வலையமைப்பும்: பட்டயப் படிப்பில் எதற்கு முதலிடம்?

கேள்வி (முதலாண்டு மாணவர்)

வணக்கம். தொழில்நுட்பக் கல்லூரியில் தொலைத்தொடர்பு மற்றும் வலையமைப்புத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். ரவுட்டர், சுவிட்ச் பாடங்களில் ஆர்வம் தானாகவே வருகிறது. டெசிபல் (சிக்னல் வலிமையின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அளவு) கணக்கு, பண்பேற்றம் (அலையின் மீது தகவலை ஏற்றுவது), ஒளியிழை ஆகியவற்றில் மனம் ஒட்டவில்லை. குரல் அழைப்பே ஐபி (இணைய நெறிமுறை) வழியாகச் செல்லத் தொடங்கிவிட்ட நிலையில், இவற்றைத் தேர்ச்சி பெறும் அளவுக்கு மட்டும் படித்துவிட்டு, மீதி நேரத்தை சிசிஎன்ஏ எனும் சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழுக்குச் செலவிடலாமா?

பதில் (ஒளியிழைப் பராமரிப்புப் பணியாளர்)

வேண்டாம் என்பதே என் கருத்து. சுவிட்சில் இணைப்பு விளக்கு எரியும், கட்டமைப்பில் பிழை இருக்காது, ஆனாலும் சிஆர்சி பிழைகள் (வழியில் சிதைந்து வரும் தரவுகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் கைகொடுப்பது நீங்கள் ஒதுக்க நினைக்கும் டெசிபல் கணக்குதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சிங்கிள் மோடு (ஒளி ஒரே பாதையில் செல்லும்) இழையில் 1310 நானோமீட்டர் ஒளி, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.35 டெசிபல் இழக்கும். 20 கிலோமீட்டருக்கு 7 டெசிபல், இணைப்பான்களுக்கு 1 டெசிபல் என்று வைத்தால், -3 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல்) அளவில் அனுப்பிய ஒளி -11 அளவில் வந்து சேர வேண்டும். மீட்டர் -19 காட்டினால் 8 டெசிபல் குறைவு, அதாவது வர வேண்டிய திறனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது. உடனே ஓடிடிஆர் (இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, எந்த இடத்தில் எவ்வளவு இழப்பு என்று காட்டும்) கருவியில் 1310, 1550 ஆகிய இரண்டு அலைநீளங்களிலும் அளந்து பார்ப்போம். ஓர் இடத்தில் 1550-இல் மட்டும் இழப்பு மிகுந்து தெரிந்தால், அங்கே இழை எங்கோ இறுக வளைந்திருக்கிறது என்று பொருள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால், அழுக்கடைந்த இணைப்பானையோ இரு இழைகளைச் சேர்த்த இடத்தில் சரியில்லாத ஒட்டையோ சந்தேகிக்கலாம். இழையின் உள்ளகம் 9 மைக்ரோமீட்டர் அளவே என்பதால், கண்ணுக்குத் தெரியாத தூசியே போதும்.

பதில் (வலையமைப்புப் பொறியாளர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சான்றிதழைத் தள்ளிப்போடவும் தேவையில்லை. இரண்டையும் தனித்தனிப் பாடங்களாகப் பார்ப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

நீங்கள் சொன்ன குரல் அழைப்பையே எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 8000 மாதிரிகள், மாதிரிக்கு 8 பிட், ஆக 64 கிலோபிட் என்பது தொலைத்தொடர்பு வகுப்பில் வரும். அதே குரலை ஜி.711 எனும் குரல் குறியாக்க முறையில் 20 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட்டாக அனுப்பினால், 160 பைட் குரலுடன் ஐபி, யூடிபி, ஆர்டிபி ஆகிய நெறிமுறைகளின் தலைப்புகளுக்கு (பாக்கெட்டின் முன்னால் சேரும் விவரங்கள்) 40 பைட் சேர்கிறது. நொடிக்கு 50 பாக்கெட்டுகள் என்பதால், ஈதர்நெட் சேர்க்கும் பைட்டுகளைக் கணக்கிடாமலேயே 80 கிலோபிட் ஆகிவிடும். முதல் எண் எப்படி வந்தது என்று அறியாதவர் இரண்டாவதை மனப்பாடம்தான் செய்ய முடியும்.

சப்நெட் (வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது) கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில், உங்கள் கணினி ஐபி முகவரி பெறும்போது நடக்கும் டிஎச்சிபி (முகவரியைத் தானாக வழங்கும் நெறிமுறை) உரையாடலின் நான்கு செய்திகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஆய்வக நேரம் குறைவாகத்தான் கிடைக்கிறது. அதில் எதற்கு முன்னுரிமை தரலாம், ஐயா?

பதில் (ஒளியிழைப் பராமரிப்புப் பணியாளர்)

ரவுட்டர் பயிற்சியை பாக்கெட் டிரேசர் எனும் பயிற்சி மென்பொருளில் வீட்டிலிருந்தே செய்துகொள்ளலாம். இழை ஒட்டும் இயந்திரமும் ஓடிடிஆரும் விலை உயர்ந்தவை. படிப்பு முடிந்தபின் சொந்தமாக வாங்கிப் பழகுவது கடினம். ஆகவே ஆய்வக நேரம் முழுவதையும் அவற்றுக்கே கொடுங்கள். உறையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, நேராக வெட்டி ஒட்டிய பிறகு, இயந்திரம் காட்டும் மதிப்பீட்டோடு நின்றுவிடாமல் ஓடிடிஆரிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், ஒட்டிழப்பு 0.1 டெசிபலுக்கு மேல் போனால் வெட்டிவிட்டு மறுபடி ஒட்டுங்கள். ஒளி செல்லும் இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. அது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குப் புலப்படாமலேயே விழித்திரையைச் சுட்டுவிடக்கூடும்.