மைனர் பிக்கப்புக்கு ஒரிஜினல் சில்லா, ஜப்பான் சில்லா?

ஜிந்துப்பிட்டி மைனர்:
அறுபதுகள்ல வந்த மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்னு வாங்கியிருக்கேன். எஞ்சின், பின்பெட்டி எல்லாம் நல்லா இருக்கு. நாலு சில்லும்தான் யாரோ மாத்தின 13 அங்குலம். ஒரிஜினல் 14 அங்குல இரும்புச் சில்லு தேடினதுல கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒரு கடையில அஞ்சு கிடக்குது. அஞ்சுக்கும் புதுசா வெள்ளி பெயின்ட் அடிச்சு டயரோட வச்சிருக்காங்க. "அசல் இங்கிலாந்துச் சாமான், யோசிக்காம எடுங்க"ன்னு கடைக்காரர் சொல்றார். கூட வந்த நண்பர் டொயோட்டா சில்லே போதும்கிறார். எதை எடுக்கலாம்?

தெஹிவளை ஓட்டி:
நண்பர் சொல்றதுதான் சரி. அறுபது வருஷம் உழைச்ச இரும்புக்கு எதுக்குக் காசைக் கொட்டணும்? அந்தச் சில்லு எத்தனை குழியில விழுந்துச்சு, எவ்வளவு பாரம் சுமந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? சின்ன டொயோட்டாக்களோட 14 அங்குலச் சில்லு எங்கேயும் கிடைக்குது. நாலு ஓட்டை, நாலு போல்ட். மாட்டிப் பார்த்திருக்கேன், நட்டு ஏறுது. டியூப் இல்லாத டயரும் போடலாம். தினமும் காலி நகரத்துக்குப் போற வீதியில ஓட்டப் போற வண்டிக்கு அதுதான் நல்லது.

பஞ்சிகாவத்தை வாசி:
நட்டு ஏறுறதுதான் இதுல உள்ள ஆபத்தே. ஏறாட்டி யாரும் போட மாட்டாங்க.

மைனர்ல நாலு போல்டும் 4 அங்குல விட்டமுள்ள வட்டத்துல நிக்குது, அதாவது 101.6 மில்லிமீற்றர். டொயோட்டா சில்லுல அது 100. ஒவ்வொரு போல்டும் ஓட்டையோட நடுவுல இருந்து 0.8 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிக்கும். நட்டோட கூம்பு முனை ஒரு பக்கம் மட்டும் படியும், இறுக்க இறுக்க போல்ட் உள்பக்கமா இழுபடும். மைனர் போல்ட் வெறும் 3/8 அங்குலத் தடிப்பு. டொயோட்டா ஓட்டை 12 மில்லிமீற்றர் போல்டோட நட்டுக்குன்னு செஞ்சது. சின்ன நட்டு அதுல ஒழுங்கா உட்காராது. கையில இறுகின மாதிரித்தான் இருக்கும். ஓட ஓட இளகும், இல்லாட்டி போல்ட் முறியும்.

தம்பி, முன்பக்கத்தை ஜக் வச்சுத் தூக்கி, சில்லை மாட்டி, நாலு நட்டையும் விரலாலேயே கடைசி வரை சுத்திப் பாருங்க. பொருந்தின சில்லுன்னா நாலும் ஒன்னுபோல உட்காரும். பொருந்தாததுல நட்டோட கூம்புக்கும் ஓட்டை விளிம்புக்கும் நடுவுல ஒரு பக்கம் பிறை மாதிரி இடைவெளி தெரியும். டோர்ச் அடிச்சுப் பாருங்க.

தெஹிவளை ஓட்டி:
அப்போ இப்ப பூட்டியிருக்கிற 13 அங்குலத்தையே ஓட்டலாமே. மொரிஸ் மரீனா சில்லுக்கும் அதே 4 அங்குல வட்டம்தான். மைனருக்குப் பலரும் போடுறாங்க. என் முக்கியமான கேள்விக்கு நீங்க பதில் சொல்லல. இரும்பு களைச்சு உள்ளுக்குள்ள வெடிச்சிருந்தா வெறுங்கண்ணால கண்டுபிடிப்பீங்களா?

பஞ்சிகாவத்தை வாசி:
மரீனா சில்லு பொருந்தும், மறுக்கல. ஆனா 155 டயர் போட்டாலும் 14 அங்குலத்தை விட விட்டம் 4, 5 வீதம் அளவுல குறையும். வேகமானி 50 காட்டும்போது வண்டி 47, 48லதான் போகும், எஞ்சின் அதிகமாச் சுத்தும். அந்த உயரத்துக்குன்னு செஞ்ச சில்லு வளைவுக்குள்ள பிக்கப் பார்க்கவும் குட்டையாத் தெரியும். 1953ல இருந்து வந்த ஒரு மாடலுக்கு அதோட நிமிர்வைத் திருப்பிக் கொடுக்கணும்னு ஆசைப்படுறது வீண் செலவு இல்ல.

வெடிப்பைப் பெயின்டுக்கு மேல யாராலயும் பார்க்க முடியாது. அதனாலதான் அந்தக் கடையில எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அந்த வெள்ளி நிறம். கறள் பிடிச்சு அசிங்கமாக் கிடக்கிற சில்லை நம்பலாம், புதுசா மினுங்கிறதை நம்பக் கூடாது. தின்னர் துணியால நாலு ஓட்டையைச் சுத்தியும் துடைக்க விடுங்கன்னு கேளுங்க. விடாட்டி திரும்பி வந்துடுங்க.

துடைச்சதும் நட்டு உட்காருற கூம்பு இருக்கையைப் பாருங்க. வட்டம் நீள்வட்டமாகியிருந்தா நட்டு இளகின நிலையிலேயே அந்தச் சில்லு ஓடியிருக்கு. ஓட்டையில இருந்து கிளம்புற மயிரிழைக் கோடு, வெல்டிங் வச்ச தடம், ரெண்டுல எது இருந்தாலும் வேணாம். பின்பக்கம், சில்லைத் தாங்குற ஹப்போட ஒட்டுற முகத்துல நேரான இரும்புச் சட்டம் வச்சா ஆடக் கூடாது. தப்பினதைப் பெயின்ட் நீக்குற மருந்தால சுத்தம் பண்ணி, வெடிப்புக் காட்டுற சிவப்புச் சாயத்தை அடிச்சு, துடைச்சு, மேல வெள்ளை மருந்து தெளிங்க. வெடிப்பு இருந்தா சிவப்புக் கோடா மேல வந்துடும். தெஹிவளை அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

கடலோரக் கராஜ்:
வெள்ளவத்தையில இருந்து ஒரு விசயம். டயரைக் கழற்றாமல் ஒரு சில்லும் வாங்காதையுங்கோ. "டயர் இலவசம்" எண்டு சொல்லுவினம். கடற்காத்து பட்ட வண்டியளில டியூப் படுற உட்பக்கம்தான் முதல்ல அரிக்கும். நடுத்தட்டும் வெளிவளையமும் சேருற இடத்தில கறள் பொங்கித் தகட்டைத் தூக்கியிருக்கோ எண்டும் பாருங்கோ. டயர் விளிம்பு இருக்கிற இடத்தில குழி விழுந்த சில்லு ஒண்டுக்கும் உதவாது.

நெளிவு பார்க்க மெஷின் வேண்டாம். உங்கட பிக்கப்பின்ர முன் ஹப்பில வெறும் சில்லை மாட்டி, ஸ்டாண்டில ஒரு கம்பியைக் கட்டி, டயர் விளிம்பு இருக்கிற உட்பகுதிக்குக் கிட்ட முனையை வைச்சுக் கையால சுத்துங்கோ. இடைவெளி 2 மில்லிமீற்றருக்கு மேல கூடிக் குறைஞ்சா அதை விடுங்கோ. வெளி விளிம்பை வைச்சு முடிவெடுக்காதையுங்கோ, அது நடைபாதைக் கல்லில அடிபட்டும் நெளிஞ்சிருக்கும்.

தெஹிவளை ஓட்டி:
சரி அக்கா, சோதிக்கலாம். ஆனா இவ்வளவும் செஞ்சு முடிக்கிற செலவுல புதுச் சில்லே வந்துடும். பழைய விளிம்புல டியூப் இல்லாத டயரைப் பிடிச்சு வைக்கிற மேடும் இல்ல. பஞ்சர் ஆனா காத்து ஒரேயடியா இறங்கும்.

பஞ்சிகாவத்தை வாசி:
மேடு இல்லைங்கிறது உண்மை. அதனால 155 ஆர் 14 டயருக்குள்ள டியூப் போட்டுத்தான் ஓட்டணும். உட்பக்கம் கறளைச் சுரண்டிப் பெயின்ட் அடிச்சா டியூப் கிழியாது. நட்டு உட்காருற கூம்புல மட்டும் தடிப்பாப் பெயின்ட் அடிக்காதீங்க. பெயின்ட் நசுங்கினா நட்டு இளகும். முதல் ஓட்டத்துக்கு அப்புறம் திரும்ப இறுக்கிடுங்க. செலவைப் பத்தி நீங்க சொல்றதுக்கு நான் வாதாட மாட்டேன். புதுசா வாங்கினாலும் 4 அங்குல வட்டத்துக்குச் செஞ்சதா வாங்குங்க, அது போதும்.

ஜிந்துப்பிட்டி மைனர்:
தின்னரோட போனேன். கடைக்காரர் முதல்ல முகம் சுளிச்சார், அப்புறம் விட்டுட்டார். ரெண்டுல ஓட்டையைச் சுத்தி வெல்டிங் தடம், மேல பேஸ்ட் பூசி மறைச்சிருக்காங்க. அந்த ரெண்டையும் வேணாம்னுட்டேன். மத்த மூணுல டயரைக் கழட்ட வச்சேன், உள்ள கறள் மேலாகத்தான் இருக்கு. அதுல ஒன்னோட கூம்பு நாலும் கூர் மழுங்காம இருக்கு, ஸ்பெயாராவே கிடந்திருக்கும் போல. மூணையும் சாயச் சோதனைக்குக் கொடுத்திருக்கேன். இன்னும் ரெண்டு வேணும். நீர்கொழும்பு, மொறட்டுவைப் பக்கம் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, பெயின்ட் அடிக்காம வைங்க.