1888 மார்கன் டாலரில் உதடு இரட்டையாகத் தெரிகிறது

வணக்கம். என்னிடம் இருக்கும் 1888 மார்கன் வெள்ளி டாலரில் (பழைய அமெரிக்க நாணயம்), முன்பக்கத்து லிபர்ட்டி பெண் உருவத்தின் உதடும் மோவாயும் இரட்டைக் கோடாக இருக்கின்றன. இது எந்த வகைப் பிழை என்று முடிவு செய்ய முடியாமல் நிற்கிறேன்.

நியூ ஜெர்சியில் ஒரு பழைய நாணயக் கடையில் போன மாதம் வாங்கினேன். பின்பக்கம் மலர்வளையத்துக்குக் கீழே 'ஓ' முத்திரை, அதாவது நியூ ஆர்லியன்ஸ் நாணயச் சாலையில் அடித்தது. நன்றாகப் புழங்கித் தேய்ந்த காசு. எடை 26.5 கிராம் (புதிதாக 26.73 இருக்க வேண்டும், தேய்மானத்துக்கு இது சரிதான்). விட்டம் 38.1 மில்லிமீட்டர், காந்தத்தில் ஒட்டவில்லை. அதனால் போலி என்ற சந்தேகம் எனக்குப் பெரிதாக இல்லை.

இதே ஆண்டு 'ஓ' காசில் 'ஹாட் லிப்ஸ்' என்ற பிரபலமான இரட்டை அச்சுப் பிழை (அச்சிலேயே உருவம் இரண்டாகப் பதிந்தது) உண்டு; மார்கன் டாலர்களின் அச்சு வேறுபாடுகளைத் தொகுத்த 'வாம்' பட்டியலில் அது வாம்-4. அதில் உதடு, மூக்கு, மோவாய் மூன்றுமே இரட்டிக்கும். என் காசில் மூக்குதான் குழப்புகிறது; அந்த இடம் மழுங்கிவிட்டது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் உதட்டின் இரண்டாவது கோடு உருண்டு மேடாகத் தெரிகிறது. அச்சு அடிக்கும்போது நகர்ந்து உண்டாகும் இரட்டிப்பு என்றால் படிக்கட்டு போலத் தட்டையாக இருக்க வேண்டுமே. மோவாய்ப் பக்கமோ கொஞ்சம் தட்டைதான். ஆண்டு எண்ணில் எதுவும் இல்லை. கடைக்காரர் வெறும் தேய்மானம் என்கிறார், இன்னொரு சேகரிப்பாளர் அசல் வாம்-4 என்கிறார். இணையப் படங்களோடு பலமுறை ஒப்பிட்டும் தெளியவில்லை. காசைச் சுத்தம் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன்.

மூக்கு தேய்ந்துபோன காசில் வாம்-4 என்று உறுதி செய்ய வேறு எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்?