தொடர்மாடித் தண்ணிச் செலவு: முதலில ஏரேட்டரா, மீற்றரா?

தாவடியான்:
யாழ்ப்பாணத்தில ஒரு மூண்டு தட்டுத் தொடர்மாடி. 12 வீடு, ஒரே கிணறு, மொட்டைமாடியில தாங்கி. எல்லாக் குழாய்க்கும் ஏரேட்டர் (குழாய் வாயில பூட்டுற, காத்துக் கலந்து தண்ணியைக் குறைக்கிற வலைமூடி) பூட்டலாமெண்டு கதை. நிமிசத்துக்கு 12 லீற்றர் விடுற குழாய் 6 ஆகும். நான் ஆதரவு. மறுப்பிருந்தால் சொல்லுங்கோ.

குழாயடி:
தம்பி, மேல்தட்டில எடுபடாது. 10 மீற்றர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம். மேல்வீட்டுக் குழாய் தாங்கிக்கு 3 மீற்றர் கீழதான், அப்ப 0.3 பார். ஏரேட்டர் போட்டால் நூல் மாதிரி வரும், சனம் கழட்டி எறியும். முதலில அளவுங்கோ: முழுசாத் திறந்து ஒரு லீற்றர் ஜக் நிரம்ப 10 செக்கனுக்கு மேல போனால், அந்தக் குழாய் 6 லீற்றரும் விடேல்லை. அதைத் தொடவேண்டாம். மற்றது, எங்கட தண்ணியில சுண்ணாம்பு. வலை அடைக்கும், இடைக்கிடை கழட்டி வினாகிரியில ஊறவைக்கிறது ஆர்?

தாவடியான்:
சரி, கீழ்த்தட்டுகளுக்கு மட்டும். கொமட்டுக்கு? சிஸ்டேர்னுக்குள்ள, அதுதான் கொமட்டுக்குத் தண்ணி அடிக்கிற தொட்டிக்குள்ள, செங்கல் வைச்சால் ஒவ்வொருக்காலும் மிச்சம்தானே அண்ணை.

குழாயடி:
செங்கல் கரைஞ்சு துகள் ரப்பருக்குள்ள போகும், பிறகு ஒழுகும். 9 லீற்றருக்கெண்டு செய்த பழைய கொமட்டை 6 லீற்றரால தள்ளினால் ரெண்டாந்தரமும் அடிக்கவேணும், இல்லாட்டிக் கழிவு பைப்பில நிண்டு அடைக்கும். 3 லீற்றர், 6 லீற்றரெண்டு ரெண்டு விதமா அடிக்கிற 3/6 சிஸ்டேர்ன் எண்டால் கொமட்டோட சோடியா மாத்துங்கோ. அதுக்கு முதல் சிஸ்டேர்னுக்குள்ள சாப்பாட்டுக் கலறிங் விட்டு அரை மணித்தியாலம் அடிக்காமல் விடுங்கோ. கொமட்டுக்குள்ள நிறம் தெரிஞ்சால் அடி ரப்பர் போச்சு. சத்தமே இல்லாமல் நாளுக்கு நூற்றுக்கணக்கான லீற்றர் போற இடம் அதுதான்.

கணக்கன்:
ஆர் எவ்வளவு எடுக்கினமெண்டு தெரியாமல் ஆர் காசு குடுத்து ரப்பர் மாத்துவினம்? வீட்டுக்கொரு மீற்றர் பூட்டுங்கோ, மற்றதெல்லாம் தானா நடக்கும்.

குழாயடி:
குசினிக்கு ஒண்டு, குளியலறைக்கு ஒண்டெண்டு தாங்கியில இருந்து இறக்கக் குழாய் தனித்தனியா வரும். ஒரு வீட்டுக்கு மூண்டு குழாயெண்டால் மூண்டு மீற்றர். தாங்கி காய்ஞ்சு திரும்ப நிரம்பேக்க பைப்புக்குள்ள இருக்கிற காத்தும் மீற்றரைச் சுத்தும், பிறகு பில்லுக்குச் சண்டை.

கணக்கன்:
தாங்கியில இருந்து வீட்டுக்கு ஒரு அங்குலக் குழாய் ஒண்டு எடுத்து, தூசி மறிக்கிற வலைவடியும் மீற்றரும் போட்டு, அதுக்குப் பிறகு பிரிச்சுவிடுங்கோ. மொட்டைமாடி வேலைதானே, சுவர் உடைக்கிற பாடில்லை.

குழாயடி:
ஒரே இறக்கக் குழாயில மூண்டு தட்டும் தொங்கினால்? பழைய கட்டடங்கள்ல அப்பிடியும் இருக்கு. முதல் அதைப் பாருங்கோ.

வலிகாமத்தான்:
ஏன் இவ்வளவு பாடு? குளிச்ச தண்ணி ஊறுகுழியால திரும்ப நிலத்துக்குத்தானே போகுது.

குழாயடி:
போகும், மலகூடக் குழித் தண்ணியும் நைத்திரேற்றோட அதே சுண்ணக்கல்லுக்குள்ளதான் போகும். அதைவிட உவர்தான் பயம். நன்னீர் கடல்தண்ணிக்கு மேல மிதக்குது. கடல்மட்டத்துக்கு மேல 1 மீற்றர் நிண்டால் கீழ ஏறத்தாழ 40 மீற்றர் இருக்குமெண்டது கணக்கு. அப்ப நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்பிடியே நிண்டால், அடியில உவர் 4 மீற்றர் ஏறப்பார்க்கும். பெரிய மோட்டரால ஒரு மணித்தியாலத்தில உறிஞ்சுறதை சின்ன மோட்டரால நாலு மணித்தியாலத்தில இறையுங்கோ. தாங்கியில மிதவைச் சுவிட்ச் பூட்டுங்கோ, வழிஞ்சு போறதும் நிக்கும்.

கணக்கன்:
மோட்டரும் சுவிட்சும் சரி, உடன செய்யலாம். ஆனா கிணத்துக் குழாயிலயாவது ஒரு பொது மீற்றர் வேணும். ராவு 12க்கும் விடிய 4க்கும் தாங்கி மட்டத்தைப் பாருங்கோ, அந்த நேரம் மோட்டர் ஓடக்கூடாது. ஒருத்தரும் பாவிக்காமல் மட்டம் இறங்கினால் ஒழுக்கு எவ்வளவெண்டு தெரியும்.

குழாயடி:
அதுக்கு மறுப்பில்லை. வீட்டு மீற்றருக்குத்தான் மறுப்பு.