அத்தானின் விபத்து இழப்பீடு: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன் வேலை முடிந்து வீடு திரும்பிய அத்தான் மீது, பின்னால் வந்த லாரி மோதியது. அந்த இடத்திலேயே போய்விட்டார். வயது 42, கொத்தனார். அக்கா, இரண்டு பிள்ளைகள், அவருடைய அம்மா என நான்கு பேர் அவர் கூலியை நம்பியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஒரு தரகர் வந்துவிட்டார். லோக் அதாலத்தில் (சமரசமாக வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) பன்னிரண்டு லட்சத்துக்கு முடித்துத் தருகிறாராம். அங்கே சமரசமானால் மேல்முறையீடு கிடையாது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

விபத்து இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் உச்ச நீதிமன்றத்தின் 2009, 2017 தீர்ப்புகளைப் படித்து நானே கணக்குப் போட்டேன். மாத வருமானம் 18,000. எதிர்கால உயர்வாக 25 சதவீதம் சேர்த்தால் 22,500. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 16,875. ஆண்டுக்கு 2,02,500. இந்த ஆண்டுத் தொகையைப் பெருக்க, அந்த வயதுக்கு வகுத்திருக்கும் எண் 14. ஆக 28,35,000 ரூபாய். ஈமச் செலவு போன்றவை தனி.

சிக்கல் அந்த 18,000-இல்தான். சம்பளச் சீட்டு ஏது? மேஸ்திரியின் கூலி நோட்டு மட்டுமே இருக்கிறது. அவர் சாட்சி சொன்னால் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஏற்குமா? அத்தான் ஹெல்மெட் அணியவில்லை. அதற்காகத் தொகையைக் குறைப்பார்களா? பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அதன் வழியே வழக்கு நடத்தியவர்கள் இருக்கிறீர்களா?

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது சட்டம். தரகர் நாளை மறுபடி வருகிறார். அக்காவைக் கையெழுத்துப் போடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.